விளக்கு பச்சையாகத்தான் இருந்தது

நீங்கள் முதலில் கேபிளை மாற்றிப் பார்த்ததில் தவறே இல்லை, தம்பி. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். நம் நெட்வொர்க் தொழிலில் பெரும்பாலும் குற்றவாளி கேபிள்தான். கட்டில் சக்கரம் ஏறி நசுங்கியிருக்கும், அல்லது தரை துடைப்பவர்கள் இழுத்துவிட்டிருப்பார்கள்.

அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் குட்டை. இப்படி வந்து உட்காருங்கள். இந்த அறையில் குளிர் கொஞ்சம் அதிகம். இயந்திரங்களுக்காக வைத்த குளிர். உள்ளே ஒரு மனிதனும் இருப்பான் என்று கட்டியவர்கள் யோசிக்கவில்லை.

இதய வார்டின் நெட்வொர்க் ஸ்விட்ச்சில் தரவுப் பாக்கெட்டுகள் ஏன் போய்ச் சேராமல் விழுந்தன என்று கண்டுபிடிக்க உங்களை வெளியிலிருந்து வரவழைத்திருக்கிறார்கள். கேபிளை மாற்றினீர்கள், அதைச் செருகும் போர்ட்டை மாற்றினீர்கள், ஏணி போட்டுக் கூரைக்குள்ளும் பார்த்தீர்கள். இப்போது ஒரு பாக்கெட்கூட விழவில்லை. காலையில் கேட்டீர்களே, "அண்ணே, எல்லா போர்ட்லயும் விழுந்த பாக்கெட்டோட பழைய எண்ணிக்கை அப்படியே இருக்கு. இந்த ஒரு போர்ட்ல மட்டும் எல்லாம் பூஜ்யமா இருக்கே, யாரு அழிச்சது?" என்று. அப்போதே உங்களுக்கு வேலை தெரியும் என்று புரிந்துகொண்டேன்.

நான்தான் அழித்தேன். புதிதாக எண்ணிப் பார்க்க வேண்டுமென்றால் பழையதை அழிப்பது வழக்கம்தானே. ஆனால் அந்த போர்ட்டைப் பற்றி மட்டும் சொன்னால் உங்களுக்குப் புரியாது. கொஞ்சம் குடும்பக் கதையும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதய வார்டின் தலைமை நர்ஸ் என் மனைவி. அது உங்களுக்குத் தெரியும். அவள் நடுவில் சில மாதங்கள் என்னோடு இல்லை என்பது தெரிந்திருக்காது. மகளை அழைத்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். பெரிய சண்டையெல்லாம் இல்லை. எங்கள் வீட்டு இணையத்தில் நான் ஒரு சின்ன ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். யார் எப்போது யாருடன் பேசுகிறார்கள், எதைப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்படி. பாதுகாப்புக்குத்தான். ஒருநாள் சாப்பிடும்போது, அவள் தன் கல்லூரித் தோழியிடம் என்னைக் குறை சொன்னதைப் பற்றிச் சாதாரணமாகத்தான் கேட்டேன். அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் அவகிட்ட சொன்னது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சொன்னேன். மறைக்க அதில் என்ன இருக்கிறது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். "என்னை நம்பாத ஆளோட ஒரே கூரைக்குக் கீழ எப்படிங்க இருக்கிறது?" என்று மட்டும் கேட்டாள். அந்த வார இறுதியில் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

ஆள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? கல்யாணம் ஆகிவிட்டதா உங்களுக்கு? சரி, அது போகட்டும். நான் வேலை முடிந்து போவேன். மகளின் பென்சில் டப்பா மேசைமேல் அப்படியே இருக்கும். மனைவியின் பாதிக் காலியான ஷாம்பூ குளியலறையில் இருக்கும். அதன் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடி வைப்பேன். போன் செய்தால் அவளுடைய அக்கா எடுப்பாள். "குளிக்கிறா", "தூங்குறா", "கடைக்குப் போயிருக்கா" என்பாள். ஒரு மனுஷி அவ்வளவு குளிக்க முடியாது. ஒருநாள் அந்த அக்காவே வெறுத்துப்போய், "எத்தனை பொய்தான் நானும் சொல்றது? அவ பேச மாட்டேங்கிறா, போதுமா?" என்று வைத்துவிட்டாள்.

ஒரே கட்டடத்தில் வேலை என்பதால் தினமும் பார்த்துவிடலாம் என்று நினைப்பீர்கள். முடியாது. இதய வார்டுக்குள் காரணமில்லாமல் யாரும் போக முடியாது. நம் வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்வரை நாம் ஒருவன் இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. ஏதாவது நின்றால்தான் கூப்பிடுவார்கள்.

அப்படி ஒருநாள் உண்மையிலேயே நின்றது.

அந்த வார்டில் ஒவ்வொரு நோயாளியின் கட்டிலருகிலும் ஒரு மானிட்டர் இருக்கிறது. எல்லோருடைய இதயத் துடிப்பும் நர்ஸ்கள் உட்காரும் இடத்தில் ஒரு பெரிய திரையில் வரும். பெரிய ஸ்கிரீன் என்பார்கள். அதில் கோடுகள் ஓடிக்கொண்டே திடீரென்று நின்றன, பிறகு தாவின. அவள் என்னைக் கூப்பிட்டாள். அவளே, தன் வாயால்.

"ஏங்க, கொஞ்சம் உடனே வாங்க. ஸ்கிரீன் என்னமோ பண்ணுது. எனக்குப் பயமா இருக்கு."

மாதக்கணக்கில் கேட்காத 'ஏங்க'. படியில் ஓடினேன். நீங்கள் நினைத்ததுபோல கேபிள்தான். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டி நசுங்கியிருந்தது. மாற்றினேன். கோடுகள் ஒழுங்காக ஓடின. அவள் பெருமூச்சு விட்டாள். காகிதக் கோப்பையில் எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். "சாப்பிடறீங்களா ஒழுங்கா? கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு" என்றாள்.

நான்காம் அறையில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். நல்ல மனிதர். இதயத்தில் ஏதோ அடைப்பு வந்து படுத்திருந்தார். அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அதனால் நான் அவருக்கு மாப்பிள்ளை ஆகிவிட்டேன். நான் ஏணியோடு போவதைப் பார்த்து, "தங்கச்சி, மாப்ள வந்திருக்காரு, விருந்து ஒண்ணும் இல்லையா?" என்று கத்தினார். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது.

பிறகு நான் காத்திருந்தேன். ஒன்றும் கெடவில்லை. நான் அவ்வளவு நன்றாகச் சரி செய்திருந்தேன். அவள் கூப்பிடவே இல்லை. வழியில் எதிர்ப்பட்டால் தலையசைப்பாள், அவ்வளவுதான். ஒரு கையளவு தண்ணீர் காட்டிவிட்டுக் குடத்தைக் கவிழ்த்ததுபோல் இருந்தது.

முதலில் வார்டின் அலுவலகக் கணினியைத்தான் கொஞ்சம் மந்தமாக்கிப் பார்த்தேன். அதற்கு யாரும் பதறவில்லை. "மெதுவா இருக்கு, எப்பவும் போல" என்று விட்டுவிட்டார்கள். மருந்துச் சீட்டு அச்சடிக்கும் இயந்திரத்தையும் பார்த்தேன். அதற்கு ஒரு சின்ன சிஸ்டர்தான் கூப்பிட்டாள். பதறினால்தான் என் மனைவி என்னை நினைக்கிறாள். இதை நான் கண்டுபிடிக்கவில்லை, அதுவாகத் தெரிந்தது.

பெரிய திரையின் போர்ட்டுக்கு வந்தது அப்படித்தான்.

கேபிளை முழுசாகப் பிடுங்கினால் திரையே கூச்சல் போடும், சிவப்பாகிவிடும். உடனே எல்லோருக்கும் தெரிந்துவிடும். எனக்கு வேண்டியது அது இல்லை. நீங்கள் பார்க்காமல் விட்ட ஒன்று இருக்கிறது, தம்பி. அந்த போர்ட்டின் வேகத்தை இந்தப் பக்கம் மட்டும் கையால் நிர்ணயித்துவிட்டேன். அந்தப் பக்கம் தானாகப் பேசி முடிவு செய்யப் பார்க்கும். பதில் கிடைக்காமல், ஒருவர் பேசி முடித்தபின்தான் அடுத்தவர் பேச வேண்டும் என்று எடுத்துக்கொள்ளும். இந்தப் பக்கமோ இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம் என்று பேசிக்கொண்டே இருக்கும். இரண்டும் முட்டிக்கொள்ளும். ஓரிரு நோயாளிகள் என்றால் ஒன்றும் தெரியாது. வார்டு நிறைந்தால் பாக்கெட்டுகள் உதிர ஆரம்பிக்கும். இணைப்பு இருக்கும், விளக்கு பச்சையாகவே இருக்கும், சோதித்தால் பதிலும் வரும். திரை மட்டும் அவ்வப்போது பின்தங்கிவிடும். பழைய கோடுகளையே ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு எட்டிப் பிடிக்கும்.

குழந்தையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று சொல்வார்கள். என்னை அப்படி எண்ணாதீர்கள். மெதுவாகத்தான் கிள்ளினேன்.

அவள் கூப்பிட்டாள். போனேன். நீங்கள் செய்த எல்லாவற்றையும் நானும் செய்தேன்: கேபிள், போர்ட், கூரை. அவள் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தாள். எனக்கு வியர்த்தால் கைக்குட்டை கொடுத்தாள். போகும்போது போர்ட்டைப் பழையபடி வைத்துவிட்டுப் போவேன். இரண்டொரு நாள் நன்றாக ஓடும். பிறகு மறுபடியும்.

"உங்களுக்கு ரொம்பக் கஷ்டம் கொடுக்கிறேன், இல்ல?" என்பாள்.

"இதுல என்ன கஷ்டம்" என்பேன். உண்மையாகவே சொன்னேன்.

டிரைவர் மட்டும் விடமாட்டார். "என்ன மாப்ள, இன்னைக்கும் ஒயரா? எங்க டிப்போவுல ஒரு மெக்கானிக் இருந்தான். அவன் ரிப்பேர் பண்ற வண்டி மறுநாளும் அவன்கிட்டயே வந்து நிக்கும். வண்டிக்கு அவன் மேல அவ்ளோ பாசம்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். அவர் வாய்விட்டுப் பேசியதால்தான் அவள் என் பக்கத்தில் நின்று சிரித்தாள்.

அவள் கெட்டிக்காரி. திரையை நம்ப முடியவில்லை என்று தெரிந்ததும் வார்டில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாள். அதற்கு 'நடை' என்று பெயர். ஒரு நர்ஸ் உட்காரவே கூடாது. ஒவ்வொரு அறைக் கதவாகத் திறந்து, கட்டிலருகில் இருக்கும் மானிட்டரையும் நோயாளியின் முகத்தையும் பார்த்துவிட்டு அடுத்த கதவுக்குப் போக வேண்டும். கடைசி அறைக்கு வந்தால் மறுபடி முதல் அறை. "இப்போ நடை யாரு?" என்று அவள் கேட்பது வழியெல்லாம் கேட்கும். கால் வலிக்கிறது என்று சின்ன சிஸ்டர்கள் முணுமுணுப்பார்கள். ஆள் குறைந்த நாட்களில் அவளே நடப்பாள். நடை இருக்கிறவரை ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது என்று எனக்கும் தெரியும். அதனால்தான் நிம்மதியாக இருந்தேன். என் பக்கத்தில் யோசிக்காமல் எதையும் செய்யவில்லை.

ஆனால் நடைக்கும் ஒரு கஷ்டம் இருந்தது. அவள் நின்று பேச முடியாது. நான் போவேன், அவள் ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்குப் போய்க்கொண்டிருப்பாள். நான் கருவிப்பையோடு பின்னால் போவேன். ஒரு வாக்கியம் ஒரு கதவில் ஆரம்பித்தால் அடுத்த கதவில்தான் முடியும். அவள் திரும்பி வருவதைப் பற்றி அப்படியா பேசுவது?

அன்றைக்கு முற்பகல். வார்டு நிறைந்திருந்தது. இரண்டு நர்ஸ்கள் விடுப்பு. அவள்தான் நடை. முகம் வெளுத்துப்போயிருந்தாள். சுவரில் கை வைத்து ஒரு கணம் நின்றாள். பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அதற்கு முந்தின நாள் மகள் என்னிடம் போனில் பேசியிருந்தாள். "அப்பா, நாம எப்போ வீட்டுக்குப் போவோம்னு அம்மாகிட்ட கேட்டேன். யோசிச்சுட்டு இருக்கேன்னு சொன்னாங்க" என்றாள். யோசித்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் ஒரு தள்ளு போதும். பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் போதும்.

ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து மூடினேன். அவளிடம் போனேன்.

"கண்டுபிடிச்சிட்டேன். சரி பண்ணிட்டேன். இனிமே நடை வேண்டாம்."

"நிச்சயமா?"

"ஆமா."

"ஒரு நாள் பாத்துட்டு நிறுத்திக்கலாமேங்க. இன்னைக்கு நாலாம் ரூம் அண்ணனுக்குத் துடிப்பு காலையிலருந்தே சரியில்லை."

அப்போது நான் ஒன்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. "நான் சொன்னா நம்ப மாட்டியா?"

எங்களுக்குள் அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று உங்களுக்கு இப்போது தெரியும். நம்பிக்கை என்று எனக்குப் பாடம் நடத்திவிட்டுப் போனவள் அவள்தான். இல்லை என்று அவளால் சொல்ல முடியாது. எனக்கும் அது தெரிந்துதான் கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"நம்பறேன்" என்றாள். சின்ன சிஸ்டரைத் திரைக்கு முன் உட்காரச் சொன்னாள். "கண்ணை எடுக்காம பாரு. அஞ்சே நிமிஷம், வந்துடறேன்."

போர்ட்டை நான் சரி செய்திருக்கவில்லை. அப்படியேதான் விட்டிருந்தேன். ஒரேயடியாகச் சரி செய்துவிட்டால் அடுத்த வாரம் நான் எதற்காக அங்கே போவது? அவள் வீட்டுக்கு வருகிறேன் என்று வாயால் சொல்லட்டும், அன்றைக்கே சரி செய்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நியாயமாகத்தான் கணக்குப் போட்டேன்.

படிக்கட்டின் பக்கம் ஜன்னலோரமாக ஒரு பெஞ்ச் இருக்கிறது. காபி இயந்திரம் பக்கத்தில். அங்கே உட்கார்ந்தோம். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை அமுக்கிக்கொண்டாள். வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "உங்களுக்கும் முதல்ல இப்படித்தான், ஞாபகம் இருக்கா?" என்றாள். பிறகு, "பாப்பாவுக்குப் பரீட்சை முடியட்டும். வந்துடறோம். ஆனா அந்த வேவு பாக்கிற வேலை இனிமே கூடாது. சத்தியம் பண்ணுங்க" என்றாள். அவள் கையில் கை வைத்து சத்தியம் செய்தேன். காபி ஆறிவிட்டது. இன்னொன்று வாங்கிவரவா என்றேன். ஐந்து நிமிடம் எப்போதோ ஆகியிருந்தது. நான் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் நான்காம் அறையில் மானிட்டர் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. கதவு கனம், சாத்தியிருந்தது. சின்ன சிஸ்டர் சொன்னபடி கண்ணை எடுக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவருடைய இதயம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முந்தைய இதயம். திரை எட்டிப் பிடித்தபோது நேர்க்கோடு.

சின்ன சிஸ்டரின் அலறல் கேட்டதும் என் மனைவி செருப்பில்லாமல் ஓடினாள். டாக்டர்கள் ஓடினார்கள். எல்லோரும் நான்காம் அறைக்கு ஓடினார்கள். நான் ஸ்விட்ச் இருக்கும் அறைக்கு ஓடினேன். எனக்கு மருத்துவம் தெரியாது; அங்கே போய் இடைஞ்சலாகத்தான் நின்றிருப்பேன். போர்ட்டைத் தானியங்கிக்கு மாற்றினேன். எண்ணிக்கையை அழித்தேன். எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது டிரைவரின் மனைவி வழியில் தரையில் உட்கார்ந்திருந்தார். பழம் வாங்கக் கீழே போயிருந்தாராம். பையைக் கையிலிருந்து விடவே இல்லை.

விசாரணையில் என் மனைவி என்ன சொன்னாள் என்று நீங்களும் படித்திருப்பீர்கள். "நடையை நான்தான் நிறுத்தினேன். இடத்தை விட்டுப் போனது என் தப்பு." அவ்வளவுதான். நான் சரி செய்துவிட்டதாகச் சொன்னேன் என்பதை அவள் சொல்லவே இல்லை. அவளைத் தற்காலிகமாக நீக்கியிருக்கிறார்கள். டிரைவரின் மகன் வாசலில் நின்று அவளைப் பார்த்து, "அப்பா உங்களைத் தங்கச்சின்னு தானே கூப்பிட்டாரு?" என்று கேட்டான். அதற்குப் பிறகு அவள் சாப்பிடுவதில்லை.

ஆனால் அவள் எங்கே வந்தாள் தெரியுமா? அக்கா வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தாள். ராத்திரி எழுந்து ஒவ்வொரு அறைக் கதவாகத் திறந்து பார்த்துக்கொண்டு நடக்கிறாள். மகள் மூச்சுவிடுகிறாளா என்று மூக்கருகில் விரல் வைத்துப் பார்க்கிறாள். நான் தோளைப் பிடித்து அழைத்துவந்து படுக்க வைக்கிறேன். கஞ்சி காய்ச்சி ஊட்டுகிறேன். ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"நீங்க வேணும்னா செஞ்சீங்க? சரியாயிடுச்சுன்னு நம்பித்தானே சொன்னீங்க" என்றாள். "உங்க வேலையும் போச்சுன்னா பாப்பாவுக்கு யாரு?"

இத்தனை வருடத்தில் என்மேல் அவள் இவ்வளவு அன்பாக இருந்ததில்லை, தம்பி.

நாளைக்கு உங்கள் அறிக்கை போகிறது. நெட்வொர்க்கில் குறை இல்லை என்று நீங்கள் எழுதினால் பழி முழுக்க அவள் தலையில் விழும். நர்ஸ் வேலையே இனி பார்க்க முடியாது. வழக்கும் வரும். அவள் அதைத் தாங்க மாட்டாள். மாத்திரை டப்பாக்களை நான் இப்போதே பூட்டித்தான் வைத்திருக்கிறேன். அதனால்தான் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன். அவர் இறந்தது அதனால்தான். அந்த போர்ட்டில் பாக்கெட்டுகள் விழுந்தது உண்மை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். ஸ்விட்ச் பழையது, அதன் கோளாறு என்று எழுதுங்கள். முக்கால்வாசி உண்மைதான். அவளிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள். இப்போதுதான் அவள் என்னை நம்ப ஆரம்பித்திருக்கிறாள்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள், இன்னும் ஒன்றுதான். மருத்துவமனை மேலாளரிடம் பேசிவிட்டேன். அறிக்கை சாதகமாக வந்தால் அவளைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். இதய வார்டு வேண்டாம், குழந்தைகள் வார்டில் போடுகிறோம் என்றார். அது இந்தக் கட்டடத்தின் அந்தக் கோடி, எனக்கு அங்கே வேலையே வருவதில்லை. அதனால் நேற்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எதையும் தொடவில்லை. அவர்களுடைய திரை எந்த போர்ட்டில் வருகிறது என்று மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டேன்.